மருத்துவருக்குக் காட்டும் கை

ஆள்காட்டி விரல் இன்னும் மடங்கவில்லை. சுண்டுவிரல் மடங்கத் தொடங்கிவிட்டது. குனிந்து பார்க்க வேண்டியதில்லை. உள்ளங்கையின் ஓரத்தில் நகத்தின் நுனி வந்து தொட்டு நிற்பது தெரிகிறது. வலக்கையை மடியில் மல்லாத்தி, அதன்மேல் கைக்குட்டையை விரித்து, கைக்குட்டையின்மேல் சலோமி தன் கைப்பையைப் பாரமாக வைத்திருக்கிறாள். பார்ப்பவர்களுக்குத் தங்கையின் பையை மடியில் வைத்துக்கொண்டிருக்கும் அக்காவாகத் தோன்றுவேன். அது போதும். பக்கவாதம் வந்தவள் என்று நெற்றியில் எழுதி ஒட்டிக்கொண்டு மருத்துவமனையில் உட்கார வேண்டிய அவசியம் எனக்கு இல்லை, மருத்துவமனையில் நான் உட்கார்ந்திருப்பதற்கு அதுவே காரணம் என்றாலும். டாக்டர் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போயிருக்கிறார். "இப்ப வந்துருவாவ டீச்சர்" என்று டோக்கன் கொடுக்கும் பெண் நாங்கள் வந்தவுடன் சொன்னாள். பிறகு கேட்டபோதும் சொன்னாள். இப்போது கேட்காமலே சொல்கிறாள். அவளுடைய இப்போது எவ்வளவு நீளம் என்று அவளுக்குத் தெரியாது. என்னுடையது எனக்குத் தெரியும். அது ஒரு மாத்திரையின் நீளம். வீட்டில் விழுங்கினேன், ஆட்டோ முருகன்குறிச்சியில் திரும்பும்போது தோள் தளர்ந்தது, மருத்துவமனைப் படியேறும்போது விரல்கள் ஒவ்வொன்றாக இளகின. அந்த நேரத்தில் டாக்டர் தம் அறையில் இருந்திருந்தால், சென்ற முறையைப்போல, அதற்கு முந்தைய முறையைப்போல, கையை மேசைமேல் விரித்து வைத்திருப்பேன். அவர் இருக்கவில்லை. சலோமியின் உதடுகள் அசைகின்றன. ஆண்டவரே, டாக்டரைச் சீக்கிரம் அனுப்பும் என்றுதான் வேண்டுவாள். உள்ளே யாரோ ஒருவருடைய உயிர் ஊசலாடிக்கொண்டிருக்கிறது. அந்த மனிதரை விட்டுவிட்டு என் விரல்களைப் பார்க்க வரும்படி நாங்கள் ஆண்டவரிடம் கேட்கிறோம். நிறுத்து என்று அவளிடம் சொல்ல நினைக்கிறேன்.

இந்தக் கைக்கு நாங்கள் செய்யும் ஆயத்தத்தை வேறு யாரிடமும் சொல்ல முடியாது. டாக்டரிடம் வரும் நாளில் சலோமி விடிந்ததும் வெந்நீர் வைப்பாள். கை அதில் ஊறும். பிறகு கட்டைவிரலை அடியிலிருந்து பிடித்து வெளியே எடுப்பாள்; கட்டைவிரல் வந்துவிட்டால் மற்றவை பின்னால் வரும் என்பதைப் பயிற்சி கொடுக்க வரும் பிசியோதெரபிஸ்டிடமிருந்து கற்றுக்கொண்டாள். உள்ளங்கையைத் துடைத்து, நகம் வெட்டி, பவுடர் போட்டு, வீட்டைவிட்டுப் புறப்படும் நேரத்துக்குக் கணக்காக மாத்திரையைக் கொடுப்பாள். மற்ற நாட்களில் மாத்திரை அதன் பாட்டுக்கு வரும், வெந்நீர் அவள் நினைத்தால் வரும், கை மதியத்துக்குள் மூடிக்கொள்ளும். மூடிய கையைத் திறக்க முயன்றால் இன்னும் இறுகும். அதற்குள் வியர்க்கும், வியர்வை மணக்கும், நான் ஒருநாளும் அழுக்காக இருந்தவள் அல்ல, என் கைக்குள்ளேயே என்னால் கழுவ முடியாத ஓர் இடம் உண்டாகிவிட்டது. ஆனால் டாக்டர் முத்துவேல்ராஜன் இவற்றில் எதையும் பார்த்ததில்லை. அவர் பார்த்தது பவுடர் போட்ட, விரிந்த கையை. முதல் முறை நாங்கள் அதை ஏமாற்றாக நினைக்கவில்லை. பெரியவர்கள் வீட்டுக்குப் போகும்போது குளித்து நல்ல புடவை கட்டிக்கொண்டு போவதில்லையா, அதைப்போல. "வெரி குட் டீச்சர், இவ்வளவு சீக்கிரம் நான் எதிர்பாக்கல" என்றார். சலோமிக்கு முகம் பூரித்துப்போயிற்று. எனக்கும்தான். இந்த வயதில் ஒருவர் வெரி குட் என்று சொல்வது அபூர்வம். சொல்லுகிறவர் என் மாணவியின் மகன் வயதில் இருந்தாலும் அது உடம்பில் எங்கோ போய்ச் சேர்கிறது. அடுத்த முறையும் அந்த வெரி குட்டுக்காகவே வெந்நீர் வைத்தோம். சென்ற முறை அவர் எழுந்து நின்று சொன்னார்: இப்படியே இருந்தால் வரும் மாதத்திலிருந்து மாத்திரையைக் குறைத்து நிறுத்திவிடலாம், ஊசிக்குத் தேவையே இல்லை. ஊசி என்பது கை இறுகிப்போனவர்களுக்கு, இறுகிய தசையிலேயே போடுவது. அது எனக்குத் தேவையில்லை. ஏனென்றால் என் கை விரிந்திருக்கிறது.

இன்று அவர் அந்த முடிவை எழுதுவார். எழுதிவிட்டால் பிறகு என்ன? மாத்திரை இல்லாத கை எப்படி இருக்கும் என்பது எனக்குத் தெரியும். ஒருமுறை கடையில் மாத்திரை தீர்ந்துபோய் ஒருநாள் தவறியபோது, நகங்கள் உள்ளங்கையில் பிறைபிறையாகப் பதிந்திருந்தன. கவனிக்காமல் விட்டால் கை தசையும் நரம்பும் சுருங்கி அப்படியே நிலைத்துவிடும், பிறகு எந்த மருந்தும் திறக்காது என்று பிசியோதெரபிஸ்ட் வேறு யாரைப் பற்றியோ சொல்வதுபோல் சொன்னார். இன்னும் நாள் இருக்கிறது, ஆனால் நிறைய இல்லை என்றும் சொன்னார். புடவைக் கொசுவத்தை ஒரு கையால் மடிக்க முடியாது. இடக்கை மடிக்கும், மடித்ததைப் பிடித்துக்கொள்ள வலக்கை வேண்டும். பிடித்தால் போதும், வேறு எதுவும் செய்ய வேண்டாம். நான் கேட்பது அவ்வளவுதான். வீட்டில் இப்போது நைட்டி. இங்கே வரும் நாளில் சலோமி முன்னால் மண்டியிட்டுக் கொசுவம் வைத்து இடுப்பில் செருகுகிறாள், குழந்தைக்குச் செய்வதுபோல, மூச்சுவிட்டபடி. நான் கூரையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.

அப்படியானால் உண்மையைச் சொல்லிவிட வேண்டியதுதானே. இதே கேள்வி, இதே இடத்துக்கு மறுபடி வந்துவிட்டது. சொன்னால் மாத்திரையைக் கூட்டுவார். முதலில் மருத்துவமனையில் கிடந்தபோது கூட்டித்தான் கொடுத்தார்கள். கை இளகியது; நானும் இளகிப்போனேன். பகலெல்லாம் தூக்கம். வாயோரம் எச்சில் வழிந்து தலையணை நனைந்திருந்ததை நான் உணரவில்லை, சலோமி துடைத்தபோது உணர்ந்தேன். அதைவிடப் பெரியது ஒன்று உண்டு. நான் பூகோளம் சொல்லிக்கொடுத்தவள். மூளை சரியாக இருக்கிறதா என்று சோதிக்கத் தாமிரபரணியின் துணையாறுகளைச் சொல்லிப் பார்ப்பேன். சேர்வலாறு, மணிமுத்தாறு, கடனா, பிறகு ஒன்று, பிறகு சிற்றாறு. மாத்திரை கூடியிருந்த அந்த நாட்களில் ஒருநாள் அந்த ஒன்று வரவில்லை. நாங்குநேரி, களக்காடு, மலையிலிருந்து இறங்கும் வழி, அது ஆற்றில் கலக்கும் இடம், எல்லாம் வரைபடத்தில்போல் தெரிகிறது. பெயர் மட்டும் இல்லை. பெயர் இருந்த இடத்தில் ஓர் ஓட்டை. மறுநாள் மாலையில்தான் பச்சையாறு என்று வந்தது. அன்று நான் அழுதேன். கை போனதற்குக்கூட அழாதவள். டாக்டர்கள் அளவைக் குறைத்தார்கள், தலை தெளிந்தது, கை மூடியது. ஆகவே என் நிலைமை இதுதான்: கையைத் திறக்கும் மருந்து தலையை மூடுகிறது. தலைக்கும் கைக்கும் நடுவில் ஒரு தராசைப் பிடித்துக்கொண்டு, இரண்டு தட்டிலும் நானே உட்கார்ந்திருக்கிறேன். வாய் திறக்காமல் இருந்தால் தலையாவது மிஞ்சும். இதை நான் அறிவு என்று நினைத்தேன். இப்போது மோதிரவிரலும் போய்விட்டது.

எதிர் வரிசையில் ஒரு தம்பதி வந்து உட்காருகிறார்கள். கணவரை மனைவி அக்குளில் கைகொடுத்துத் தாங்கி நாற்காலியில் இறக்குகிறார். அவருடைய வலக்கை நெஞ்சோடு மடங்கி, முஷ்டி கழுத்துக்குக் கீழே பொத்தான்போல நிற்கிறது. எதையும் மறைக்கவில்லை. வள்ளியூரில் பாத்திரக்கடை வைத்திருந்தவராம், பூலுடையார் என்று பெயராம், பேச்சில் "ஆமா" மட்டும்தான் மிச்சமாம். இதெல்லாம் அந்த அம்மாள், பெயர் சுடலைவடிவு, உட்கார்ந்த மாத்திரத்தில் அறைக்குப் பொதுவாகச் சொன்னது. "கையைப் பொத்திக்கிட்டே இருக்காவ. என்னத்தய்யா உள்ள ஒளிச்சு வச்சிருக்கீயன்னு கேட்டா, ஆமாங்காவ. கலியாணத்தன்னைக்குக்கூட எங் கைய இப்படி இறுக்கிப் பிடிக்கல." பூலுடையார் "ஆமா" என்றார். சலோமி சிரித்துவிட்டாள். எனக்கும் சிரிப்பு வந்தது. சிரிப்பு வரும்போது கை இறுகும் என்பதால் அடக்கினேன், அடக்கியதில் இன்னும் இறுகியது. சுடலைவடிவு சலோமியைக் கனிவோடு பார்த்தார். "ஒங்களுக்கு என்னம்மா செய்யுது? முகமெல்லாம் வாடிக் கிடக்கே. அக்காவ துணைக்குக் கூட்டிட்டு வந்தியளாக்கும்." சலோமிக்குக் கோபம் வந்துவிட்டது. "எனக்கு ஒண்ணும் இல்ல. நான் நல்லா இருக்கேன்" என்று படபடத்து, என்னைப் பார்த்தாள். நான் சொல்லியிருக்கலாம். எனக்குத்தான் அம்மா என்று சொல்ல ஒரு மூச்சுப் போதும். நான் கைப்பையின் வாரைச் சரிசெய்தேன். சுடலைவடிவு புரிந்துகொண்டவர்போல் தலையசைத்தார். சொல்லப் பிடிக்காத நோய் சலோமிக்கு இருக்கிறது என்று அவர் இப்போது நம்புகிறார். இனி எழுந்து போகும்வரை அவர் சலோமியைப் பாவமாகப் பார்ப்பார். அந்தப் பார்வையை நான் என் தங்கையின்மேல் ஏற்றிவிட்டேன்.

எங்கள் பள்ளியில் ஆய்வாளர் வரும் நாளில் ஏழாம் வகுப்பு ஆசிரியை ஒருத்தி ஓர் ஏற்பாடு செய்திருந்தாள். கேள்வி கேட்டால் எல்லாப் பிள்ளைகளும் கை தூக்க வேண்டும். விடை தெரிந்தவர்கள் வலக்கை, தெரியாதவர்கள் இடக்கை. ஆசிரியை வலக்கைகளில் ஒன்றைப் பார்த்து எழுப்புவாள். ஆய்வாளர் மகிழ்ந்துபோய் எழுதிவிட்டுப் போனார். எனக்கு அது தெரிய வந்தபோது அவளை அறைக்குக் கூப்பிட்டேன். நீ ஆய்வாளரை ஏமாற்றவில்லை, இடக்கை தூக்கிய பிள்ளைகளை ஏமாற்றினாய், அவர்களுக்குத் தெரியவில்லை என்பது இனி யாருக்கும் தெரியப்போவதில்லை என்றேன். நல்ல வாக்கியம். நெடுநாள் அந்த வாக்கியத்தைப் பற்றி எனக்குள் பெருமை இருந்தது. அவள் தலைகுனிந்து நின்றாள். அவளுக்கு என்ன பயம் இருந்தது என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாளோ. ஊதிய உயர்வோ, மாமியாரோ, ஏதோ ஒன்று. பயமில்லாமல் யாரும் இப்படிப்பட்ட ஏற்பாடுகளைச் செய்வதில்லை. இது இவ்வளவு எளிதாக இப்போது விளங்குகிறது, தலைமையாசிரியை நாற்காலியில் இருந்தபோது விளங்கவில்லை.

ஏசியின் குளிர் நேராக முழங்கையில் இறங்குகிறது. கொட்டாவி வருகிறது. வேண்டாம், இப்போது வேண்டாம். கொட்டாவியை மட்டும் என்னால் நிறுத்த முடியாது. வாய் திறந்தது, திறந்த அளவுக்கு வலக்கை தானாக மேலே எழும்பியது, நான் எத்தனை முயன்றும் எழும்பாத கை, எனக்குச் சம்பந்தமே இல்லாமல், கைக்குட்டையும் கைப்பையும் சரிந்து தரையில் விழ, நெஞ்சுவரை வந்து நின்று, மெதுவாக இறங்கியது. இறங்கும்போது முஷ்டியாக இறங்கியது. கட்டைவிரல் உள்ளே. ஆள்காட்டி விரல் எப்போது மடங்கியது என்று கவனிக்கவில்லை. அதைத்தான் முதலிலிருந்து கவனித்துக்கொண்டிருந்தேன். சுடலைவடிவு குனிந்து பையை எடுத்தார். என் கையைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். அவ்வளவு பேசுகிற மனுஷி எதுவும் சொல்லாமல் பையைத் தட்டி என் மடியில் வைத்தார். அதே நேரம் டாக்டர் நடைவழியில் வேகமாக வந்து அறைக்குள் போனார், முகம் கழுவிய ஈரத்தோடு. அந்தத் தீவிர சிகிச்சைப் பிரிவு மனிதர் பிழைத்தாரா என்பது அந்த முகத்திலிருந்து தெரியவில்லை. டோக்கன் பெண் பூலுடையாரை அழைத்தாள். அடுத்தது நாங்கள்.

சலோமி என் காதருகே குனிந்தாள். "ஏ அக்கா, பையில மாத்திரை இருக்கு. இன்னொன்னு போட்டுருவமா? உள்ள போனவியளுக்கு எப்படியும் நேரம் ஆகும்லா. அதுக்குள்ள இளகிரும்." அவளுடைய விரல்கள் ஏற்கெனவே அட்டையிலிருந்து மாத்திரையைப் பிதுக்கியிருந்தன. வெள்ளையாக, ஒரு சட்டைப் பொத்தானைவிடச் சிறியதாக அவள் உள்ளங்கையில். "மத்தியானம் போடுறதத்தானே இப்ப போடச் சொல்லுதேன். ஒருநாளைக்கு ஒண்ணும் செய்யாது. வாயத் தொற." இடக்கையால் வாங்கினேன். நாக்கு அதன் கசப்பை எதிர்பார்த்து நீர் சுரந்தது. இதை விழுங்கினால் கை திறக்கும், ஒருவேளை நேரத்துக்குத் திறக்கும். வழக்கத்தைவிட அதிகம் என்பதால் தலையும் கனக்கும், நாக்கும் தடிக்கும். டாக்டர் விரிந்த கையைப் பார்த்து, மாத்திரையை நிறுத்துகிறேன், ஊசி வேண்டாம் என்று எழுதும்போது, இல்லை என்று சொல்வதற்கான சொல் என்னிடம் இருக்காது. நான் காப்பாற்ற நினைத்த தலையைக்கொண்டே முடிவெடுத்து, கையைத் தொலைப்பதற்கான மாத்திரையை நானே விழுங்கியிருப்பேன். கதவுக்கு அப்பால் பூலுடையாரின் குரல். வலியில் கத்துகிறார், கத்தலும் ஆமாவாகத்தான் வருகிறது. பிறகு டாக்டர் ஏதோ சொல்கிறார், சுடலைவடிவு "போடுங்கய்யா, போட்டுத்தான் பாப்போம்" என்கிறார். ஊசி. அவர் முஷ்டியை முஷ்டியாகக் கொண்டுபோனார். முஷ்டிக்கு உரியது அவருக்குக் கிடைத்தது. நான் மாத்திரையைச் சலோமியிடம் திருப்பிக் கொடுத்தேன். "மத்தியானம் கொடு." "அக்கா, என்னத்துக்கு இப்படிப் பண்ணுத? அவரு என்ன நினைப்பாரு?" "அவர் நினைக்கட்டும்." "என்னயத்தான் திட்டுவாரு. ஒழுங்காப் பாக்கலன்னு." அவள் கண் கலங்கியிருந்தது. அவளுக்கும் ஒரு வெரி குட் கிடைத்துக்கொண்டிருந்தது. நான் அதை எண்ணிப் பார்க்கவில்லை. "உன்னைத் திட்ட நான் விடமாட்டேன்" என்றேன். பள்ளியில் பேசிய குரல் அப்படியே வந்தது. வந்ததில் எனக்கே கொஞ்சம் தைரியம்.

அறைக்குள் டாக்டர் புன்னகையோடு நிமிர்ந்தார். "வாங்க டீச்சர். ரொம்பக் காக்க வச்சிட்டேன். நம்ம ஸ்டார் பேஷண்ட்டுல்லா நீங்க. எங்க, கையக் காட்டுங்க." உட்கார்ந்தேன். இடக்கையால் வலக்கையைத் தூக்கி மேசைமேல் வைத்தேன். அவருடைய பேனாவுக்கும் கண்ணாடித் தம்ளருக்கும் நடுவில் அது ஒரு பொருளைப்போல உட்கார்ந்திருந்தது. அவர் புன்னகை போகவில்லை, போவதற்கு வழி தெரியாமல் நின்றது. சலோமி பின்னாலிருந்து, "ஏசியில ரொம்ப நேரம் இருந்தோம் டாக்டர், அதான்" என்று ஆரம்பித்தாள். "சலோமி, பேசாதே" என்றேன். பிறகு சொன்னேன். சொற்களைத் தேடிச் சொல்ல வேண்டியிருந்தது, ஆனால் எல்லாம் இருந்தன. "இதுதான் டாக்டர் என் கை. நீங்கள் பார்த்தது வெந்நீரில் ஊறவைத்து, மாத்திரையின் நேரம் பார்த்துக் கொண்டுவந்த கை. வீட்டில் மதியத்துக்கு மேல் இது இப்படித்தான் இருக்கும். நான் சொல்லியிருக்க வேண்டும். மாத்திரையைக் கூட்டிவிடுவீர்கள் என்று பயந்தேன். கூட்டினால் எனக்குச் சொற்கள் போகின்றன. கையைவிட எனக்கு அது பெரியது. இரண்டும் வேண்டும் என்று கேட்கிறேன். வழியில்லை என்றால் வழியில்லை என்று சொல்லுங்கள்."

அவர் சென்ற முறை எழுதியதைப் புரட்டினார், மூடினார். கோபமா, வெட்கமா, களைப்பா, அவர் முகத்தில் எனக்குப் படிக்கத் தெரியவில்லை. "இத முதல்லயே சொல்லியிருந்தா" என்றார், வாக்கியத்தை முடிக்கவில்லை. பிறகு நிதானமாகப் பேசினார். மாத்திரையைக் கூட்ட வேண்டியதில்லை. இருக்கிற அளவிலேயே நிற்கட்டும். நீங்களாகக் கூட்டவும் கூடாது, திடீரென்று நிறுத்தவும் கூடாது. முன்கைத் தசையில் ஊசி போட்டுப் பார்க்கலாம், அது தலைக்குப் போகாது. "ஆனா டீச்சர், ஊசி சில மாசம்தான் நிக்கும். அதுக்குள்ள தினமும் பயிற்சி. விரல் இளகும்னு சொல்லலாம். அந்த விரல் எதையும் பிடிக்கும்னு நான் வாக்குக் குடுக்க முடியாது. நேரத்த வேற கொஞ்சம் விட்டுட்டோம்." விட்டுட்டோம் என்றார், விட்டுட்டீங்க என்று சொல்லவில்லை. அந்தப் பெருந்தன்மையை நான் கவனித்துக்கொண்டேன். "புரிகிறது" என்றேன். "ஊசி போடுறதுக்கு முன்னால எவ்வளவு இறுக்கம்னு நான் பாக்கணும். வலிக்கும்." நாற்காலியை இழுத்து அருகில் வந்தார். "உள்ளே மணக்கும்" என்றேன். "பரவால்ல டீச்சர்." அவருடைய பெருவிரல் என் முஷ்டிக்குள் நுழையும் இடத்தைத் தேடியது. கண்டுபிடித்தது. கட்டைவிரலின் அடியிலிருந்து வலி முழங்கைக்கு ஏறி, தோளுக்கு ஏறி, பல்லில் வந்து நின்றது. பழக்கத்தில் மனம் ஓடிப்போய், திற, திற என்று கைக்குக் கட்டளையிடப் பார்த்தது. நான் அதைப் பிடித்து நிறுத்தினேன். என் கை எவ்வளவு மூடியிருக்கிறதோ அவ்வளவையும் அவர் பார்க்க வேண்டும். அவர் இழுத்தார். நான் உதவவில்லை.